வீட்டுத் தோட்டத்து ஆப்பிள் மரம்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஆப்பிள் மரத்தில் எந்தக் குறை தென்பட்டாலும் உடனே கவாத்துக் கத்தரியை எடுத்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நான் சரிசெய்ய நேர்ந்த மரங்களில் பெரும்பாலானவற்றில், அந்த ஆண்டு கண்ட குறை முந்தைய குளிர்காலத்தில் போட்ட வெட்டிலிருந்தே தொடங்கியிருந்தது. ஆகவே இந்த வழிமுறையில் வெட்டுவது எப்போதும் சோதனைக்குப் பிறகுதான் வரும். உங்கள் மரத்தில் தெரியும் அறிகுறிக்குரிய தலைப்பை மட்டும் படித்தால் போதும். அதன் கீழே செலவில்லாத காரணங்கள் முதலிலும், பணமும் காலமும் கேட்கும் காரணங்கள் பின்னரும் வருகின்றன. ஒரு சோதனையில் விடை கிடைத்துவிட்டால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள். இரண்டு மூன்று மாற்றங்களை ஒரே பருவத்தில் செய்தால் எது பலித்தது என்பது அடுத்த ஆண்டிலும் தெரியாது.

தேவையான கருவிகள் குறைவு: கூரான கவாத்துக் கத்தரி, சிறு கவாத்து ரம்பம், பேனாக்கத்தி, அளவுநாடா, கத்தரியைத் துடைக்க 70 சதவீத ஆல்கஹால்.

## மரம் தழைத்து வளர்கிறது, ஆனால் பூக்கவே இல்லை

வயதைப் பாருங்கள். விதையிலிருந்து முளைத்த மரம் பூப்பதற்கு 6 முதல் 10 ஆண்டுகள் வரை ஆகலாம். குட்டை வேர்ச்செடியில் (மரத்துக்கு வேராக அமைந்து அதன் உயரத்தைக் கட்டுப்படுத்தும் அடிச்செடியில்) ஒட்டுக்கட்டிய கன்று 2 அல்லது 3 ஆண்டுகளிலேயே பூக்கத் தொடங்கும். வயது போதவில்லை என்றால் செய்ய வேண்டியது எதுவுமில்லை. இளமரத்தைக் கடுமையாகக் கவாத்து செய்தால் பூக்கும் நாள் இன்னும் தள்ளிப்போகும்.

ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிகிறதா? அடிமரத்தில் சற்றே புடைத்தோ வளைந்தோ இருக்கும் அந்த இடம் தரையிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மண்ணோ மூடாக்கோ அதை மூடியிருந்தால் ஒட்டுக்கு மேற்பட்ட பகுதி தானே வேர்விட்டு, வேர்ச்செடியின் குட்டைத் தன்மை அற்றுப்போய், மரம் பெருமரமாக வளர முற்படும். மண்ணை விலக்கி, மேலிருந்து கிளம்பிய வேர்கள் மெல்லியனவாக இருந்தால் வெட்டிவிடலாம். அவை கட்டைவிரலைவிடத் தடித்துவிட்டிருந்தால் ஒரே நாளில் வெட்டாமல், பருவத்துக்கு ஒன்றிரண்டாக நீக்குங்கள்.

மொட்டுகளைப் பாருங்கள். மரம் இலையுதிர்த்து உறங்கும் காலத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். பூமொட்டு பருத்து, நுனி மழுங்கி, மெல்லிய மயிர் போர்த்தியிருக்கும். இலைமொட்டு மெலிந்து, கூராக, தண்டோடு ஒட்டிக்கிடக்கும். பெரும்பாலான ரகங்களில் பூமொட்டுகள் இரண்டாண்டும் அதற்கு மேலும் வயதான கிளைகளில் முளைக்கும் குட்டையான, சுருக்கம் விழுந்த காய்ப்புக் குறுங்கிளைகளில்தான் இருக்கும். பார்வைக்கு மொட்டைக் குச்சி போலத் தோன்றும் இவற்றை, மரத்தைச் "சுத்தம்" செய்கிறோம் என்று எண்ணி வெட்டிவிடுகிறார்கள். பூக்காத மரங்களில் நான் மிகுதியாகக் கண்ட காரணம் இதுவே. மருந்து ஏதுமில்லை, இரண்டு ஆண்டுகள் அந்தக் கிளைகளைத் தொடாமல் விட்டால் குறுங்கிளைகள் மீண்டும் உருவாகும். சில ரகங்கள் முந்தைய ஆண்டுக் கிளையின் நுனியில் பூக்கும்; அவற்றில் எல்லா நுனிகளையும் சீராக வெட்டிவிட்டால் அந்த ஆண்டு விளைச்சலையே வெட்டியதாகும்.

புதுவளர்ச்சியை அளந்து பாருங்கள். கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிப் போனால், சென்ற ஆண்டு மொட்டு விரிந்த இடத்தில் பட்டையைச் சுற்றி நெருக்கமான வளையத் தழும்புகள் தெரியும். நுனிக்கும் அந்தத் தழும்புக்கும் இடைப்பட்ட நீளமே ஓராண்டு வளர்ச்சி. காய்க்கும் பருவத்து மரத்தில் அது 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருந்தால் நலம். 60 சென்டிமீட்டரைத் தாண்டினால் தழைச்சத்து மிகுதி என்றோ கவாத்து மிகுதி என்றோ கொள்ளலாம். தழைச்சத்து உரத்தை ஓராண்டு முழுதும் நிறுத்துங்கள். மரத்தடிப் புல்தரைக்கு இடும் உரமும் ஆப்பிள் வேருக்கே போய்ச் சேரும் என்பது எளிதில் மறந்துபோகும்.

கிளைகள் நிமிர்ந்து நிற்கின்றனவா? செங்குத்தாக ஓடும் கிளை இலையைத்தான் பெருக்கும். சாய்ந்த கிளைதான் பூக்கும். வளையக்கூடிய இளங்கிளைகளைத் துணிப்பட்டையால் கட்டி, நடுமரத்திலிருந்து 50 அல்லது 60 பாகை சாயுமாறு தரையில் அறைந்த முளையில் இழுத்துக் கட்டுங்கள். ஒரு பருவத்தில் கிளை அந்த நிலையிலேயே நின்றுவிடும். மெல்லிய கம்பி பட்டையை அறுக்கும், அதைப் பயன்படுத்தாதீர்கள்.

வெயிலும் குளிரும். நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்குக் குறைந்த நேரடி வெயிலில் நிற்கும் மரம் தாராளமாகப் பூக்காது. குளிரின் தேவையோ ரகத்தைப் பொறுத்தது. வழக்கமான ரகங்கள் பலவற்றுக்கு உறக்கக் காலத்தில் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிர் 800 முதல் 1,000 மணி நேரம் தேவை. 'அன்னா', 'டார்செட் கோல்டன்' போன்றவற்றுக்கு 200 முதல் 300 மணி நேரம் போதும். குளிர் போதாத மரத்தை அடையாளம் காண்பது எளிது: மொட்டுகள் பிந்தி, ஒழுங்கின்றி விரியும், நுனியில் மட்டும் இலைக்கொத்து இருக்கும், கிளையின் நடுப்பகுதி வெறுமையாகக் கிடக்கும்.

வல்லுநரை அழைக்க வேண்டிய நிலை: குளிர் போதாமை உறுதியானால் எந்தக் கவாத்தும் உரமும் அதை ஈடுசெய்யாது. மரம் வலுவாக இருந்தால், அதன் கிளைகளில் குறைந்த குளிர் கேட்கும் ரகத்தை ஒட்டுக்கட்ட அனுபவமுள்ள ஒருவரை அழையுங்கள்.

## பூக்கிறது, ஆனால் பிஞ்சு நிற்பதில்லை

எந்த நிலையில் உதிர்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். விடை அதில்தான் இருக்கிறது.

### பூவடி பருக்காமலேயே பூக்கள் உதிர்கின்றன

மகரந்தம் சேரவில்லை என்பதே இதன் பொருள். ஏறக்குறைய எல்லா ஆப்பிள் ரகங்களும் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. அதே நாட்களில் பூக்கும் வேறொரு ரகம் அருகில் வேண்டும். ஒரே ரகத்தில் இரண்டு மரங்கள் வைத்திருப்பதும் ஒற்றை மரம் வைத்திருப்பதும் இதில் ஒன்றே, ஏனெனில் ஒட்டுக்கட்டிய கன்றுகள் அனைத்தும் ஒரே தாய்மரத்தின் படிகள். 'ஜோனாகோல்ட்', 'முட்சு', 'பிராம்லி' போன்ற மும்மடிய ரகங்களின் (இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டவற்றின்) மகரந்தம் பிற மரங்களுக்குப் பயன்படாது. அவற்றில் ஒன்று இருந்தால் வேறு இரண்டு ரகங்கள் தேவைப்படும்.

பணம் செலவிடுமுன் ஒரு சோதனை செய்யலாம். வேறு ரகத்தின் பூத்த கிளைகள் சிலவற்றை வாங்கிவந்து, நீர் நிறைந்த வாளியில் இட்டு, உங்கள் மரத்தின் ஒரு பக்கத்தில் வையுங்கள்; அல்லது அந்தப் பூக்களிலிருந்து மென்தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, அடையாள நூல் கட்டிய ஒரு கிளையின் பூக்களில் மட்டும் தடவுங்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் பிஞ்சு பிடித்தால் காரணம் உறுதியாகிவிட்டது. பிறகு துணைமரம் நடலாம். இடமில்லையென்றால் அதே மரத்தின் ஒரு கிளையில் பொருத்தமான ரகத்தை ஒட்டுக்கட்டலாம். அந்தக் கிளைக்கு அழியாத அடையாளம் இடுங்கள், இல்லையேல் பின்னொரு நாள் கவாத்தில் அது போய்விடும்.

வாளிச் சோதனையிலும் காய்க்கவில்லை என்றால் தேனீக்களைக் கவனியுங்கள். வெயில் ஏறிய நேரத்தில் மரத்தடியில் பத்து நிமிடம் நின்று ஒரு தேனீயும் வராவிட்டால், மழையும் குளிருமான வானிலையோ அக்கம்பக்கத்தில் தெளித்த பூச்சிமருந்தோ காரணமாகலாம். பூத்திருக்கும் மரத்தில் எந்தப் பூச்சிமருந்தையும் தெளிக்கவே கூடாது.

### ஓரிரவில் பூக்கள் பழுப்பேறிவிட்டன

உறைபனி தாக்கியதா என்று பார்க்க, ஒரு பூவை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். நடுவிலுள்ள சூலகம் பசுமையாக இருந்தால் பூ பிழைத்தது, கறுத்திருந்தால் இறந்தது. விரிந்த பூக்கள் −2 பாகை செல்சியசையொட்டிய குளிரிலேயே இறக்கத் தொடங்கும். அடுத்த முறை அத்தகைய இரவில் சிறிய மரமானால் துணி போர்த்தி, காலையில் தேனீக்கள் வருமுன் எடுத்துவிடுங்கள்.

### கோலிக்குண்டு அளவில் பிஞ்சுகள் கொட்டுகின்றன

பூத்து ஆறு வாரங்களையொட்டி மரம் தன்னால் தாங்க முடியாத பிஞ்சுகளைத் தானே கழிப்பது இயல்பு. உதிர்ந்ததை வெட்டிப் பாருங்கள்: விதைகள் சில மட்டுமே இருந்தால் அரைகுறை மகரந்தச் சேர்க்கை, உள்ளே புழுவோ சுரங்கமோ இருந்தால் பழக் கோளாறுகளைப் பற்றிய தலைப்புக்குச் செல்லுங்கள், விதை நிறைந்து, புழுவும் இல்லாவிட்டால் நீர் தட்டுப்பாடு.

## ஓராண்டு குலுங்கக் காய்க்கிறது, மறு ஆண்டு வெறுமையாக நிற்கிறது

அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகள் இந்த ஆண்டுப் பிஞ்சுகள் வளரும் கோடையிலேயே உருவாகின்றன. பிஞ்சுகளின் விதைகளில் சுரக்கும் ஜிப்பெரலின் என்னும் வளர்ச்சி இயக்குநீர் அந்த மொட்டு உருவாவதைத் தடுக்கிறது. ஆகவே அறுவடைக்குப் பின் எவ்வளவு உரமிட்டாலும் பயனில்லை. பூத்த 40 நாட்களுக்குள் பிஞ்சுகளைக் கலைப்பதே மருந்து. ஒரு கொத்துக்கு ஒரு நல்ல பிஞ்சு, பிஞ்சுக்கும் பிஞ்சுக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி என்ற கணக்கில் மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். கைவராத வேலைதான், அறிவேன். பிஞ்சைக் கிள்ளி எறிய மனம் ஒப்பாது. ஆனால் ஒரு பழம் முழுமையாகத் திரள ஏறத்தாழ 30 முதல் 40 இலைகளின் உழைப்பு தேவைப்படுகிறது என்பதை நினைத்தால் கை ஓடும்.

சுழற்சி ஏற்கெனவே பதிந்துவிட்ட மரத்தில், மிகுதியாகப் பூக்கும் ஆண்டில் பிஞ்சு வரும்வரை காத்திராமல், பூக்கொத்துகளிலேயே பாதிக்கு மேல் நீக்கிவிடுங்கள்; கொத்தைச் சுற்றியுள்ள இலைகள் மட்டும் நிற்கட்டும். இதற்கு வல்லுநர் தேவையில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுமை தேவை.

## கவாத்துக்குப் பின் நேர்க்குத்தான போத்துகள் காடாகக் கிளம்புகின்றன

இந்தத் தவறைச் செய்பவர்கள் மரத்தின் மேல் அக்கறை உள்ளவர்களாகவே இருப்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெருத்துவிட்ட மரத்தை ஒரே குளிர்காலத்தில் பாதியாகக் குறைக்கிறார்கள். வேர் முழுதும் அப்படியே இருக்க, மேலே மொட்டுகள் குறைந்துபோவதால், சேமித்த உணவு முழுவதும் எஞ்சிய சில மொட்டுகளுக்குள் பாய்ந்து, வசந்தத்தில் நீர்ப்போத்துகளாகச் சீறிக்கொண்டு எழுகிறது. அடுத்த குளிர்காலத்தில் அவற்றையும் அடியோடு வெட்டினால், அதற்கடுத்த ஆண்டு இரு மடங்காக வரும்.

போத்து எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழேயிருந்து அல்லது மண்ணுக்குள்ளிருந்து வருவது வேர்ச்செடியின் போத்து. அதைக் கத்தரியால் மட்டமாக வெட்டாமல், மண்ணைத் தோண்டி அது கிளம்பும் இடத்திலேயே கிழித்தெடுங்கள். வெட்டினால் அடியிலுள்ள மொட்டுகள் மீண்டும் துளிர்க்கும்.

மேலே கிளம்பியதானால், போத்து முற்றுமுன் கையாலேயே களையலாம். கோடையின் தொடக்கத்தில், ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் தண்டு பச்சையாக இருக்கும்போது, கீழ்நோக்கி இழுத்தால் அடிமொட்டோடு கழன்று வரும். அந்தக் காயம் விரைவில் ஆறும். முற்றியவற்றைப் பின்கோடையில் வெட்டுங்கள். இலையோடு கூடிய கிளையை நீக்குவது வளர்ச்சியை அடக்கும், உறக்கக் காலத்தில் நீக்குவது வளர்ச்சியைத் தூண்டும்.

எல்லாவற்றையும் களையாதீர்கள். மூன்றில் ஒன்றை, வெற்றிடம் உள்ள பக்கமாகச் சாய்த்துக் கட்டினால் அது காய்க்கும் கிளையாக மாறும். அந்தச் சில கிளைகள் மரத்தின் வேகத்தை உறிஞ்சிக்கொள்வதால், அடுத்த ஆண்டு புதுப் போத்துகள் கண்கூடாகக் குறையும்.

பெரிய மரத்தைச் சிறிதாக்குவதை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் மரத்தின் கவிகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீக்க வேண்டாம். பல சிறு வெட்டுகளைவிட, கிளை பிரியும் இடத்திலேயே போடும் சில பெரிய வெட்டுகள் நல்லவை. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்கும். அதன் வெளிவிளிம்பை ஒட்டி வெட்டுங்கள். புடைப்பைச் சீவினால் காயம் மூடாது, முளைக்குச்சி விட்டால் அது அழுகி உள்ளே போகும். தடித்த கிளையானால் முதலில் ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் மூன்றிலொரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து வீழ்த்தி, கடைசியில் எஞ்சிய குச்சியைப் புடைப்பருகே அறுங்கள். இல்லையேல் கிளை தன் எடையாலேயே பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு விழும். வெட்டுக்காயத்தின் மேல் தாரோ வண்ணப்பூச்சோ தேவையில்லை. அவை ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலுக்குத் துணைபோகின்றன.

வல்லுநரை அழைக்க வேண்டிய நிலை: வெட்ட வேண்டிய கிளை உங்கள் முழங்கைக்கு மேற்பட்ட கையைவிடத் தடித்திருந்தாலோ, ஏணியில் நின்றுதான் ரம்பத்தைப் பிடிக்க முடியும் என்றாலோ, அருகில் மின்கம்பி சென்றாலோ, அது வீட்டுக்காரர் செய்யும் வேலையன்று.

## கிளை நுனி கருகுகிறது

### திடீரெனக் கறுத்து, நுனி கொக்கிபோல் வளைந்து, இலைகள் உதிராமல் தொங்குகின்றன

இது தீக்கருகல் நோயின் தெளிவான அடையாளம். 'எர்வினியா அமைலோவோரா' என்னும் நுண்ணுயிரி பூக்களின் வழியாகவும் இளந்தளிர் வழியாகவும் நுழைந்து கிளைக்குள் இறங்குகிறது. ஈர நாட்களில் பட்டையிலிருந்து தேன்நிறக் கசிவு துளிர்க்கும். வறண்ட நாளாகப் பார்த்து, கருகல் தெரியும் இடத்திலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் கீழே, நல்ல பகுதியில் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பட்டையைச் சீவிப் பார்த்து, செம்பழுப்புக் கோடுகள் தெரிந்தால் இன்னும் கீழே இறங்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை ஆல்கஹாலால் துடையுங்கள். வெட்டியதை மரத்தடியில் போடாமல் எரித்துவிடுங்கள். தழைச்சத்தை நிறுத்துங்கள், கொழுத்த தளிரைத்தான் இது முதலில் பிடிக்கும்.

கருகல் அடிமரத்தையோ ஒட்டுப் பகுதியையோ எட்டியிருந்தால் நீங்களே முடிவெடுக்காமல் தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் காட்டுங்கள். சில நாடுகளில் இந்நோயை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமும் ஆகும்.

### மெல்ல வாடிக் காய்கிறது. கீழே பட்டை குழிந்திருக்கிறது

காய்ந்த பகுதிக்குக் கீழே பட்டை அமிழ்ந்து, வளைய வளையமாக வெடித்திருந்தால் அது சொறிப்புண். சிறு கிளையானால் புண்ணுக்குக் கீழே முழுவதும் வெட்டுங்கள். தடித்த கிளையில் புண் பாதிச் சுற்றளவுக்கும் குறைவாக இருந்தால், இறந்த பட்டையைக் கத்தியால் பச்சைப் பகுதி தெரியும்வரை செதுக்கலாம். நீர் தேங்கும் நிலத்தில் இது திரும்பத் திரும்ப வருமாதலால் வடிகாலையும் பாருங்கள்.

### புண் ஏதும் இல்லை

பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் கிளை உயிரோடிருக்கிறது. பச்சை இல்லாவிட்டால், அதே கிளையில் எங்காவது கயிறோ, நாற்றங்காலில் கட்டிய பெயர்ச்சீட்டின் இழையோ இறுக்கியிருக்கிறதா என்று தேடுங்கள். இத்தனை சிறிய காரணத்தால் முழுக்கிளையும் இறந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறேன்.

## இலையிலும் பட்டையிலும் மாற்றம்

வெண்பொடி: சாம்பல் நோய். பூசணம் மொட்டுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிப்பதால், உறக்கக் காலத்தில் வெள்ளி பூசியதுபோல் தெரியும் நுனிகளைக் கிள்ளி அகற்றுவதே பாதி மருத்துவம்.

ஆலிவ் நிறத்தில் தொடங்கிக் கருக்கும் புள்ளிகள்: கருஞ்சொறி நோய். விழுந்த இலைகளில்தான் அது அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கிறது. ஆகவே இலையுதிர்ந்ததும் எல்லாவற்றையும் வாரி அகற்றி, மரத்தின் நடுவில் காற்று புகுமாறு நெருக்கத்தைக் குறையுங்கள்.

இளம் இலை மஞ்சள், நரம்பு பச்சை: இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. இரும்பு உரம் வாங்குமுன் மண்ணின் கார அமில நிலையை (pH) சோதியுங்கள்; 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். காரமிகுந்த மண்ணில் சாதாரண இரும்பு உப்பு உடனே பயனற்றுப்போகும்.

பட்டை இடுக்கில் பஞ்சு: கம்பளி அசுவினி. சோப்புநீரில் நனைத்த கடினமான தூரிகையால் தேய்த்தால் போதும். தேய்க்கத் தேய்க்கக் கீழிருந்து வந்தால் வேரிலும் கூட்டம் இருக்கிறது. புதிதாக நடுவோர், இப்பூச்சியைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட எம்.எம். (மாலிங்-மெர்ட்டன்) வரிசை வேர்ச்செடிகளைக் கேட்டு வாங்கலாம்.

## பழத்தில் கோளாறு

தோலில் துளையும், அதன் வாயில் எச்சத்தூளும், விதைவரை செல்லும் சுரங்கமும் இருந்தால் அது ஆப்பிள் துளைப்புழு. வீட்டு மரத்துக்கு மிக நம்பகமான வழி, கொத்தைக் கலைத்த கையோடு, பழம் நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே காகிதப் பையோ துணிப்பையோ கட்டிவிடுவது. கோடையில் அடிமரத்தைச் சுற்றி நெளிவுகள் கொண்ட காகித அட்டையைக் கட்டினால் கூடுகட்ட இறங்கும் புழுக்கள் அதில் தங்கும். அவ்வப்போது அவிழ்த்து எரியுங்கள். விழுந்த பழங்களை அன்றன்றே அப்புறப்படுத்துங்கள்.

துளை இல்லாமல், தோலில் சிறு பழுப்புக் குழிகளும் அவற்றின் கீழே தக்கைபோன்ற சதையும் இருந்தால் அது கசப்புக் குழி. பழத்துக்குச் சுண்ணாம்புச்சத்து எட்டாததே காரணம். ஆனால் மண்ணில் அது குறைவாக இருப்பது அரிது. ஒரு வாரம் காயவிட்டு மறுவாரம் வெள்ளமாக நீர் பாய்ச்சுவதும், கடும் கவாத்தால் இலைவளர்ச்சி பொங்குவதும் அந்தச் சத்தைப் பழத்துக்குப் போகவிடாமல் செய்கின்றன. நீரைச் சீராக்கி, மூடாக்கு இட்டபின்னும் தொடர்ந்தால் மட்டுமே கால்சியம் குளோரைடு தெளிப்பை எண்ணுங்கள்.

## மரம் முழுவதும் சோர்கிறது

இலை சிறுத்து, வெளிறி, பருவத்துக்கு முன்பே செம்மையேறினால் இலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தூரைப் பாருங்கள்.

முதலில், மூடாக்கு அடிமரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாண் விலக்குங்கள். பட்டையை எலி கொறித்த தடம் இருக்கிறதா? சுற்றில் ஒரு பகுதி மட்டுமானால் கம்பிவலை சுற்றிக் காத்தால் மரம் தேறும். துளையும் மரத்தூளும் இருந்தால் தண்டுத் துளைப்பான். மெல்லிய கம்பியை நுழைத்து உள்ளிருக்கும் புழுவைக் குத்திக் கொல்லலாம்.

அடுத்து, ஒரு முழ ஆழக் குழி தோண்டி நீர் ஊற்றுங்கள். மறுநாளும் நீர் நின்றால் வடிகால் இல்லை. அத்தகைய நிலத்தில் தூரழுகல் எளிதில் பற்றும், எம்.எம். 106 வேர்ச்செடிக்கு இந்த அச்சம் அதிகம். மண்மட்டத்தில் பட்டையைச் சீவினால் வெண்மைக்குப் பதிலாகச் செம்பழுப்பு நிறமும் ஈர நைவும் தெரியும். மண்ணை விலக்கித் தூரைக் காற்றாட விடுங்கள். நீர் பாய்ச்சும் வாய்க்காலைத் தள்ளிப் போடுங்கள்.

மரம் சோர்ந்திருப்பதோடு பிடித்து ஆட்டினால் அசைகிறது என்றால் இரண்டில் ஒன்று. எம் 9 போன்ற குட்டை வேர்ச்செடியானால் அதற்கு வாழ்நாள் முழுதும் ஊன்றுகோல் வேண்டும்; அது இற்றுப்போயிருக்கலாம். ஊன்றுகோல் உறுதியாக இருந்தும் அசைந்தால் சிறிது மண்ணை அகழ்ந்து வேரைப் பாருங்கள். வேரின் மேலோ பட்டைக்கு அடியிலோ வெண்ணிறப் பூசண வலை படர்ந்திருந்தால் வேரழுகல் முற்றிவிட்டது.

வல்லுநரை அழைக்க வேண்டிய நிலை: பட்டை சுற்றளவில் பாதிக்கு மேல் இறந்திருந்தால், பாலம்போல் ஒட்டுக்கட்டி மரத்தைக் காக்க முடியுமா என்பதை ஒட்டுக்கட்டுவதில் தேர்ந்தவர்தான் சொல்ல முடியும், அதையும் வசந்தத்தில் பட்டை எளிதாகக் கழலும் நாட்களில்தான் செய்ய இயலும் என்பதால் உடனே கேளுங்கள். வேரில் வெண்வலை கண்டால், மரத்தை அகற்றுமுன் வேர்த்துண்டையும் மண்ணையும் ஆய்வுக்குக் கொடுங்கள். அகற்ற நேர்ந்தால் வேர்களை முழுவதுமாகப் பெயர்த்தெடுக்கச் செய்து, அந்தக் குழியில் மீண்டும் ஆப்பிள் கன்று நடாமல் வேறிடம் தேர்ந்துகொள்ளுங்கள்.